சும்மா கொடுத்த ஒரு டஜன் தைலம்

ஆனி மாதக் காற்றில் திருச்சி முழுவதும் புழுதியாகப் பறந்துகொண்டிருந்த ஒரு நாள், எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஒங்கிட்டக் கம்பளி இருக்கா?" என்று கேட்டார். அவர் கேள்வி எப்போதும் அப்படித்தான். விஷயம் பின்னால் வரும். கம்பெனியின் வெள்ளி விழாவை இலங்கையில், நுவரெலியாவில் நடத்தப்போகிறாராம். எங்கள் குடை மார்க் தைலம் காவிரிக் கரையில் விற்பதைவிட அந்தக் குளிர் மலையில்தான் நன்றாக விற்கிறது. ஆகவே நான் முன்கூட்டியே போய், தைலத்தைப் பற்றி நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்கிறவர்கள் யார் யார் என்று தேடிப் பிடித்து, நேரில் அழைத்து, விழா மேடையில் உட்காரவைக்க வேண்டும்.

"போஸ்டரப் பாத்து வர்றவன் ஒரு தடவ வாங்குவான். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி வாங்கறவன் ஆயுசுக்கும் வாங்குவான்" என்றார் முதலாளி. இதில் எனக்கு இன்றுவரை கருத்து வேறுபாடு இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அழைக்கப் போறப்ப வெறுங்கையோட போகாத. ஆளுக்கு ஒரு டஜன் பாட்டில் குடு" என்றும் சொன்னார். சிவப்பு மையில் 'அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் என் படுக்கைச் சுருளோடு சேர்ந்துகொண்டன.

தனுஷ்கோடி, கப்பல், சுங்கச் சோதனை, தலைமன்னார் ரயில் எல்லாவற்றையும் இலங்கைக்குப் போய்வந்த அத்தனை பேரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் நேரே நானுஓயா ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறேன்.

இறங்கினதும் வாயிலிருந்து புகை வந்தது. பீடி சிகரெட் தொடாத எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு தேத்தண்ணிக் கடை. பால் இல்லாத சாயத்தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினார். சீனியை நக்கிக்கொண்டு தேத்தண்ணீரைக் குடிக்க வேண்டுமாம். நம் ஊரில் சின்னப் பிள்ளைகள் செய்தால் அடி விழும் காரியத்தை, கோட்டு போட்ட கனவான்கள் வரிசையாக நின்று செய்துகொண்டிருந்தார்கள். குடித்துப் பார்த்தேன். நம் காப்பிக்கு இணையில்லை. ஆனால் அந்தக் குளிருக்கு நம் காப்பி காணாது.

நுவரெலியாக் கடைத்தெருவில் எங்கள் ஏஜென்ட் ரெட்டியார் காத்திருந்தார். துறையூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயதில் வந்தவர், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. மளிகை, துணி, செருப்பு, சாமி படம், எங்கள் தைலம் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். "மாசிக் கருவாடு போடல தம்பி, ஒங்களுக்காகத் தனியா அரைச்சது" என்று ரெட்டியாரின் மனைவி சொன்ன பிறகுதான் நிம்மதியாகக் கை வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் ரெட்டியார் தன் கவலையைச் சொன்னார்.

"கொழும்புல ஒரு பெரிய கடக்காரர் ஏஜென்சியத் தனக்குக் குடுங்கன்னு மொதலாளியப் புடிச்சுக்கிட்டு இருக்காரு. அது ஒங்களுக்குத் தெரியும். விழா நல்லா நடந்து, இங்க சரக்கு எப்படிப் போகுதுன்னு மொதலாளி கண்ணால பாத்துட்டா நான் பொழச்சேன். இல்லேன்னா இந்தக் கடையில மீதி இருக்கறது செருப்பும் சாமி படமுந்தான்."

யார் யாரை அழைக்கலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் இரண்டு பேரைச் சொன்னார். வலப்பனைச் சந்தையில் காய்கறி விற்கும் பொடி மெனிக்கே என்ற சிங்களப் பெண் ஒருத்தி. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அங்கம்மா இன்னொருத்தி.

"அங்கம்மா வந்தாப் போதும், கந்தப்பளையே வந்த மாதிரி. ஒரு தடவ நம்ம சரக்குல வாசம் கொறச்சலா வந்துச்சு, ஞாபகம் இருக்கா? 'இந்தத் தடவ சரியில்ல'ன்னு அவ ஒரு வார்த்த சொன்னா. அந்தப் பக்கம் ஒரு பாட்டிலும் போகல. பெட்டியோட திருப்பி அனுப்புனேன்" என்றார்.

மறுநாள் வலப்பனைக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார். எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றேன். "நாங்களும் திருச்சிதாங்க. முசிறிப் பக்கம்" என்றார். முசிறியில் எந்தத் தெரு என்று ஆசையாகக் கேட்டேன். "நான் பாத்ததில்லீங்க. இங்கதான் பொறந்தேன். இந்த ஊரு எங்களுக்கு எழுத்துல இல்ல, அந்த ஊரு எங்களுக்குக் கண்ணுல இல்ல" என்று சொல்லிவிட்டு, மணி என்ன ஆயிற்று என்று கேட்டார். மலைநாட்டுத் தமிழர்களின் பிரஜாவுரிமை விஷயமாகப் பத்திரிகைகளில் எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

பாதி வழியில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. என்ஜின் கொதித்துவிட்டதாம். எல்லோரும் இறங்கினோம். மூடுபனியில் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. குரல்தான் கேட்டது. ஒரு சிங்களப் பெரியவர் கண்டக்டரிடம் என்னவோ சொன்னார். வாத்தியார் எனக்கு மொழிபெயர்த்தார்: "மனுசனுக்குக் குளிருது, பஸ்ஸுக்கு மட்டும் எப்படி வேர்க்குதுன்னு கேக்கறாரு." ஓடையிலிருந்து தகரத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, தள்ளிவிட்டு, மறுபடியும் ஏறினோம். நம் ஊர் பஸ் நின்றால் கண்டக்டரின் பரம்பரையையே இழுப்பார்கள். இங்கே யாரும் சத்தம் போடவில்லை. குளிரில் கோபமும் உறைந்துவிடும் போலிருக்கிறது.

வலப்பனை கொஞ்சம் கீழே இறங்கிய ஊர். வெயிலைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. சந்தையில் பொடி மெனிக்கேயைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. காய்க் குவியலுக்கு நடுவில் எங்கள் குடை மார்க் பாட்டிலை வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவரின் கழுத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சந்தை வாசலிலேயே நின்ற எங்கள் பஸ்ஸின் கண்டக்டருக்குத் தமிழ் தெரியும். அவரையே மொழிபெயர்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விழா என்றதும், மகளையும் கூட்டி வரலாமா என்று கேட்டாள். தாராளமாக வரலாம் என்று சொல்லி அன்பளிப்புப் பெட்டியை நீட்டினேன்.

அவள் பெட்டியை வாங்கினாள். உடனே எழுந்து, குவியலிலேயே பெரிய பூசணிக்காயாகப் பார்த்துத் தூக்கி என் கையில் வைத்தாள். வேண்டாம் என்றேன். விடவில்லை.

"மருந்துக்கு இதுன்னு சொல்லுது" என்றார் கண்டக்டர்.

உபசாரத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பூசணிக்காயோடு நான் பட்ட பாடு தனிக் கதை. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகிறது. கீழே வைத்தால் வளைவுக்கு வளைவு உருண்டு டிரைவர் காலடிக்குப் போகிறது. "இது யாரு காய்?" என்று டிரைவர் கத்த, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்க்க, நான் தவழ்ந்து போய் எடுத்துவந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமோ என்னவோ, பஸ்ஸில் மறைக்கவே முடியாது. ரெட்டியார் வீட்டில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்குப் பூசணிக் கூட்டு. மறுநாள் பூசணிக் குழம்பு.

கந்தப்பளைக்கு வியாழக்கிழமை போனேன். தோட்டத்துக்குள் வெளியாட்கள் நினைத்தபடி நுழைய முடியாது. தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் அத்துமீறல் என்று கேஸ் போடுவார்களாம். ரெட்டியார் முன்கூட்டியே கண்டாக்கு ஐயாவிடம் சொல்லி வைத்திருந்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற உத்தியோகம் அவருடையது. "பகல் சாப்பாட்டு நேரத்துல பாத்துட்டுப் போயிருங்க. துரை கண்ணுல படாதீங்க" என்று மலைப்பாதையைக் காட்டிவிட்டு அவர் வேறு பக்கம் நடந்தார்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினேன். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரிதான் இருக்கிறது. கிட்டப் போனால் முழங்காலைக் கிழிக்கிறது. முந்தின இரவு பெய்த மழையில் பாதை முழுக்க வழுக்கல். பெண்கள் சாக்குப் படங்கை இடுப்பில் கட்டி, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் காலைப் பார்த்துவிட்டு, "ஐயா, அசையாதீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். வெள்ளை வேட்டியில் ரத்தம். கணுக்காலில் நாலைந்து அட்டைகள் கொழுத்துத் தொங்கின. நான் சத்தம் போட்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். எங்கள் குடை மார்க். மூடியைத் திறந்தவள் நிறுத்தினாள்.

"வெத்தல இருக்குங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஒரு சதம் குடுங்க."

காலில் அட்டை தொங்கும்போது காசு கேட்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. கொடுத்தேன். காசை முடிந்துகொண்டு, ஒவ்வோர் அட்டையின் மேலும் ஒரு சொட்டு விட்டாள். சுருண்டு விழுந்தன. இந்த உபயோகம் எங்கள் லேபிளில் இல்லை. "நீங்கதான் அங்கம்மாவா?" என்று கேட்டேன். "ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல கட்டைக் குரல். யாரையும் முறைத்துப் பார்த்துத்தான் பேசுவாள்.

விஷயத்தைச் சொன்னேன். மேடை, மாலை என்றதும் கூட வந்த பெண்கள் கேலி செய்தார்கள். "கலியாணத்துக்கப்பறம் இப்பதான் அங்கம்மாளுக்கு மால" என்றாள் ஒருத்தி. அங்கம்மா அவளை அதட்டிவிட்டு, "ரெட்டியார் கட விழாதான? வர்றேன். நல்ல மருந்த நல்ல மருந்துன்னு சொல்ல எனக்கென்ன" என்றாள். நான் பெட்டியை எடுத்தேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது வேணாங்க. மருந்தச் சும்மா வாங்கக் கூடாது. பலிக்காது. நான் யாருக்கும் சும்மா பூசறதும் இல்ல. ஒரு வெத்தலயாச்சும் குடுத்துட்டுத்தான் பூசிக்குவாங்க. கேட்டுப் பாருங்க."

எனக்குத் தெரியாத வழக்கமா இது? என் அம்மா நாட்டு வைத்தியரிடம் கஷாயம் வாங்கினால், அவர் வேண்டாம் என்றாலும் ஒரு காசை அவர் காலடியில் வைத்துவிட்டுத்தான் வருவாள். ஆனால் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து தைலம் எங்களுக்குச் சரக்கு. டஜன் கணக்கில் வரும், பெட்டிக் கணக்கில் போகும். அது மருந்து என்பதே மறந்துவிட்டது. அதோடு, ஆளுக்கு ஒரு டஜன் என்பது முதலாளி உத்தரவு. சங்கு ஊதினார்கள், அவள் மலைக்குத் திரும்பிவிட்டாள். நான் பெட்டியோடு கீழே லயத்துக்கு வந்தேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். அங்கம்மாவின் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து அறையில் பேச்சி என்ற இளம் பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டு, சிவப்பு எழுத்துத் தெரிகிற மாதிரி பெட்டியை அங்கம்மாவின் வாசலில் வைத்தேன். கடமை முடிந்த திருப்தியில் ரெட்டியார் வீட்டுக்குப் போய்ப் பூசணி அல்வா சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மண்டபம், தோரணம், லாரி ஏற்பாடு என்று ஓடிவிட்டது. சனிக்கிழமை காலை கந்தப்பளையிலிருந்து வந்த லாரிக்காரர் கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ரெண்டு லாரி காணாது ரெட்டியார். தைலம் ஓசின்னு லயம் லயமாப் பேசிக்கிறாங்க. அங்கம்மாளுக்குப் பெட்டி பெட்டியா வருதாம்ல? அதான் இத்தன வருசமா அந்தப் பேச்சுப் பேசினாளான்னு சொல்றாங்க."

ரெட்டியார் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டீங்களே தம்பி! நாளைக்கு வர்றவன் எல்லாம் ஓசி பாட்டிலுக்கு வர்றான். ஒருத்தனும் காசு குடுத்து வாங்க மாட்டான். அது போகட்டும். அவ வாய நம்பித்தான் இந்தக் கடையே நடக்குது."

அன்று பகலே மறுபடியும் கந்தப்பளைக்குப் போனேன். லயத்து வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். அங்கம்மாவின் அறையில் பெட்டி ஒரு மூலையில் இருந்தது. ஒட்டின காகிதம் பிரிக்கப்படவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"எம்புள்ள சொரத்துல கெடந்தப்பக்கூட ஒரு சொட்டு சும்மா வாங்கினதில்ல தம்பி. கண்டாக்கு ஐயா குடுத்தப்பவும் வாங்கல. முந்தாநேத்து ராத்திரி பேச்சி புள்ளைக்கு நெஞ்சுச் சளி. சொவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்குது, இருமுது, இருமுது. அவ எங்கிட்ட வரல. நான் எந்திரிச்சுப் போய்க் கதவத் தட்டுனேன். 'வேணாங்கா, நீ கம்பெனி ஆளு'ங்கறா." அதுவரை முறைத்துக்கொண்டிருந்த கண் கலங்கிவிட்டது. "எஞ்சொல்லு செல்லாமப் போச்சு."

முசிறி தெரியாத வாத்தியார் நினைவு வந்தது. இவளுக்கும் வீடு தோட்டத்துக்காரனுடையது. எந்த நாட்டுக் காகிதத்திலும் பேர் இல்லை. சொந்தமாக இருந்தது இந்த ஒரு சொல்தான். அதைத்தான் நான் வாசலில் பெட்டி வைத்துக் கெடுத்திருக்கிறேன்.

பெட்டியை நானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன்.

"தொடாதீங்க. அங்கயே இருக்கட்டும்."

விழாவுக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு அவள் திரும்பி அடுப்பை ஊதத் தொடங்கினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரெட்டியாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

அன்று மாலை முதலாளி வந்து சேர்ந்தார். மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றி, கழுத்திலிருந்து காது வரை மப்ளர் சுற்றி, அடையாளமே தெரியவில்லை. "தலைய வலிக்குது" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் பெட்டி முழுக்கப் பட்டு வேட்டியும் பேச்சுக் குறிப்பும் இருந்தன. சொந்தத் தைலம் ஒரு பாட்டில்கூட இல்லை. அல்வாக் கடைக்காரர் வீட்டில் அல்வா இருக்காது என்பது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டே இருந்தது. ஆனாலும் மண்டபம் கொள்ளவில்லை. லாரிகள் வழிய வழிய வந்து இறக்கின. முதலாளியின் முகம் மலர்ந்தது. ரெட்டியார் முகம் சுருங்கியது. வாசலில் விற்பனைக்காகத் தைலம் அடுக்கிய மேஜையை எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள், கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்பங்க குடுப்பீங்க?" பேச்சியும் குழந்தையை முந்தானைக்குள் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். அங்கம்மாவைக் காணோம்.

முதலில் பொடி மெனிக்கே மேடையேறினாள். மைக்கைக் கண்டு சிரித்துவிட்டு, சிங்களத்தில் இரண்டு வாக்கியம் பேசினாள். ரெட்டியார் மொழிபெயர்த்தார்: "நல்ல மருந்துன்னு சொல்றாங்க." கூட்டத்தில் சிங்களம் தெரிந்த பாதிப் பேர் சிரித்தார்கள். பிறகுதான் எனக்குச் சொன்னார்கள், இரண்டாவது வாக்கியம், "விலைதான் கொஞ்சம் கூடுதல்" என்பதாம். அவள் இறங்கும்போது என்னைப் பார்த்து, இரண்டு கைகளையும் வட்டமாக வைத்துப் பூசணிக்காயைக் காட்டி, தின்றாயா என்று சைகையில் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது உபசாரமே இல்லை. அவளும் மருந்தைச் சும்மா வாங்கவில்லை.

ரெட்டியார் வாசல் மேஜைக்குப் போனார், முதலாளி பேச எழுந்தார். நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, "அன்பார்ந்த மலைநாட்டு மக்களே" என்று ஆரம்பித்தார். அந்த நேரத்தில் வாசல் பக்கம் கூட்டம் விலகியது. நனைந்த சேலையோடு அங்கம்மா வந்துகொண்டிருந்தாள். லாரியில் ஏறாமல், கைக்காசு கொடுத்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். தலையில் அந்தப் பெட்டி, நனையாமல் சாக்குப் படங்கால் மூடி. யாரையும் பார்க்காமல் நேரே மேடைக்கு ஏறி, முதலாளிக்கு முன்னால் இருந்த மேஜையில் பெட்டியை இறக்கினாள். மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"இந்தப் பெட்டி எனக்கு வந்துச்சுன்னு பேசிக்கிறீங்க. வந்துச்சு, நெசந்தான். நான் கேக்கல. வேணாம்னு சொன்னேன், நாலு பேரு கேக்கத்தான் சொன்னேன். தொறக்கல. இந்தா, ஒட்டின மேனிக்கே இருக்கு."

அவள் மேடையிலிருந்து இறங்கி, அத்தனை பேர் பார்க்க வாசல் மேஜைக்கு நடந்தாள். மடியை அவிழ்த்து, ஒரு பாட்டிலின் முழு விலையையும் ரெட்டியார் கையில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ரெட்டியார் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார், நானும்தான்.

"இப்பச் சொல்றேன். நல்ல மருந்து. நாளைக்கு நல்லா இல்லேன்னா, அதையும் நாந்தான் சொல்லுவேன்."

முதலில் யாரும் கை தட்டவில்லை. பின் வரிசையில் ஓர் ஆள், "அப்ப ஓசி கெடையாதா?" என்று கேட்டான். சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பில்தான் கைதட்டலும் வந்தது. முதலாளிக்கு என்ன நடக்கிறது என்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருந்தது. தலைவலி தாங்காமல், மேஜை மேலிருந்த அன்பளிப்புப் பெட்டியைப் பிரிக்கப் போனார்.

"மொதலாளி, அதத் தொடாதீங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினாள் அங்கம்மா. "தலவலிக்குத்தானுங்க? காசு குடுத்து வாங்குங்க. இல்லேன்னா பலிக்காது."

தைலத்தைக் காய்ச்சத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் முதலாளி அதை விலைக்கு வாங்கியதில்லை. சட்டைப் பையைத் துழாவினார். இந்தியக் காசுதான் வந்தது. கடைசியில் என்னிடம் கை நீட்டினார். நான் கொடுத்த இலங்கைக் காசை வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டியும் மப்ளருமாக மேடையிலிருந்து இறங்கிப் போய், தன் சொந்தத் தைலத்தைத் தன் சொந்த ஏஜென்டிடம் முழு விலைக்கு வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர் எழுதி வைத்திருந்த பேச்சை யாரும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு மேஜையில் பாட்டில் விற்றது. எல்லோரும் வாங்கினார்கள் என்று சொன்னால் அது விளம்பரம். பாதிப் பேர் வாங்கினார்கள். மீதிப் பேர், கிடைக்கவிருந்த ஓசியைக் கெடுத்தவள் என்று அங்கம்மாவைத் திட்டிக்கொண்டே லாரி ஏறினார்கள். முதலாளி ரெட்டியாரின் தோளைத் தட்டி, "கொழும்புக்காரன் கடைக்கு இப்படி ஒரு பொம்பள வருவாளா? ஏஜென்சி ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். ரெட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தைல நெடி என்று சொன்னார்.

முதலாளிக்குத் தலைவலி நின்றதும் யோசனைகள் கிளம்பிவிட்டன. அங்கம்மாவின் படத்தை லேபிளில் போடலாம், கேட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினார். பஸ் நிறுத்தத்தில் அவளைப் பிடித்தேன். மழை விட்டிருந்தது. லாரியில் இடம் கிடைக்காத நாலைந்து பேர் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டு, அவள் என்னைப் பழையபடி முறைத்தாள்.

"எம்படம் அதுல இருந்தா, நான் சொல்றத யாரு தம்பி கேப்பாங்க?"

தள்ளி நின்றவர்களில் பேச்சியும் இருந்தாள். குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. அவள் இந்தப் பக்கம் ஓரடி வருவதும் நிற்பதுமாக இருந்தாள். கடைசியில் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் போய்விட்டு வந்து, அங்கம்மாவின் முன்னால் நின்றாள். கையை நீட்டினாள். ஒரு வெற்றிலை.

அங்கம்மா அதை வாங்கினாள். இலையின் முதுகை ஒரு தடவை துடைத்து, காம்பைக் கிள்ளி எறிந்து, மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு புதுப் பாட்டிலைத் திறந்து, "புள்ள சட்டையத் தூக்குடி" என்றாள்.